நல்ல கேத்தோடு ஏன் எளிதில் கிடைப்பதில்லை, நம் மாங்கனீசுக்கு அதில் என்ன இடம்

தென் ஆப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிப்பவர். அவர் கேட்டது சுருக்கமாக இது: "அக்கா, எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் எல்.எஃப்.பி. என்று போட்டிருக்கிறது. சில எலக்ட்ரிக் கார்களில் என்.எம்.சி. என்கிறார்கள். இரண்டில் எது மேல்? இதைவிட நல்ல கேத்தோடு செய்ய ஏன் இத்தனை வருடம் ஆகிறது? மாங்கனீசு நம் நாட்டில்தான் அதிகம் என்கிறார்களே, அதற்கு இதில் வேலை உண்டா?"

தம்பி, மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன். பேட்டரிப் பொருள்களோடு வேலை செய்தவள் என்ற முறையில் எனக்கு அதில் அக்கறை அதிகம். ஆனால் முதல் இரண்டும் புரியாமல் அது புரியாது.

லித்தியம் அயனி செல்லில் இரண்டு முனைகள். ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் கேத்தோடு. செல்லைத் தயாரிக்கும்போது லித்தியம் முழுவதும் கேத்தோடின் படிகத்துக்குள்தான் இருக்கும். சார்ஜ் ஏற்றும்போது அது வெளியேறி கிராஃபைட்டுக்குள் போகிறது, வண்டி ஓடும்போது திரும்பி வருகிறது. ஒரு கிராம் கிராஃபைட் ஏறக்குறைய 350 மில்லி ஆம்பியர் மணி வரை வாங்கிக்கொள்ளும். ஒரு கிராம் கேத்தோடு 150 முதல் 200 வரைதான் கொடுக்கும். அதனால் ஒரு பங்கு கிராஃபைட்டுக்கு இரண்டு பங்கு கேத்தோடு தூள் வேண்டியிருக்கிறது. செல்லின் எடையிலும் விலையிலும் பெரிய பங்கு அந்தத் தூளுக்குத்தான் போகிறது. வண்டி எவ்வளவு தூரம் ஓடும், எத்தனை வருடம் உழைக்கும், தீப்பிடிக்குமா பிடிக்காதா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தூளைப் பொறுத்தது.

ஒரு கிலோ தூளில் எவ்வளவு ஆற்றல் என்று பார்த்தால் ஒரு அளவு கிடைக்கும். எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், கிராமுக்கு 160 மில்லி ஆம்பியர் மணி, 3.4 வோல்ட். பெருக்கினால் கிலோவுக்கு 540 வாட் மணி அளவு. நிக்கல் எட்டுப் பங்கு, மாங்கனீசும் கோபால்ட்டும் ஒவ்வொரு பங்கு உள்ள என்.எம்.சி. 811 கிராமுக்கு 200, 3.8 வோல்ட். அது 760. இந்த வித்தியாசத்துக்காகத்தான் உலகம் நிக்கலின் பின்னால் போனது.

எது மேல் என்றால், வீட்டு இன்வெர்ட்டருக்கு எல்.எஃப்.பி.தான், யோசிக்கவே வேண்டாம். சுவரில் மாட்டிய பெட்டி நூறு கிலோ இருந்தால் யாருக்கு என்ன? ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், சூட்டில் ஆக்சிஜனை எளிதில் விடாது. லோட் ஷெடிங் காலத்தில் டர்பனில் நம் வீடுகளுக்கு வந்த லித்தியம் பெட்டிகளில் பெரும்பாலானவை அதுதான், நல்லதுதான் நடந்திருக்கிறது. காருக்கு வரும்போது பதில் மாறும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு எல்.எஃப்.பி. தாராளமாகப் போதும். உலகத்து எலக்ட்ரிக் கார் பேட்டரிகளில் 2024-இல் ஏறக்குறைய பாதி அளவு எல்.எஃப்.பி. ஆகிவிட்டது. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு மலையேறிப் போகும் வண்டிக்கும், சுமை இழுக்கும் பக்கி என்ற பிக்கப் வண்டிக்கும் எடை ஒரு கணக்கு. அங்கே நிக்கலுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

இனி ஏன் இவ்வளவு காலம் என்ற கேள்வி.

1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொடுத்தது. 1991-இல் சோனி அதை வைத்து செல் விற்றது. அதில் ஆக்சிஜனும் கோபால்ட்டும் தளம் தளமாக அடுக்கியிருக்க, இடையில் லித்தியம் இருக்கும். கணக்குப்படி கிராமுக்கு 274 மில்லி ஆம்பியர் மணி இருக்க வேண்டும். அன்றைய செல்களில் பயன்பட்டது 140 அளவுதான். பாதி லித்தியத்துக்கு மேல் இழுத்தால் அமைப்பு நிலைகுலைகிறது, ஆக்சிஜனே எலக்ட்ரானை இழக்க ஆரம்பிக்கிறது. தளங்களைத் தாங்கி நிற்கும் ஆக்சிஜன் இப்படிக் கழன்றால் படிகமும் போச்சு, பாதுகாப்பும் போச்சு. கேத்தோடு ஆராய்ச்சியில் இன்றுவரை திரும்பத் திரும்ப வரும் சிக்கல் இதுதான்: லித்தியத்தை அதிகமாக வெளியே எடுக்க வேண்டும், ஆக்சிஜன் மட்டும் அசையக்கூடாது, இது ஆயிரம் முறை நடக்க வேண்டும். புதிய சேர்மங்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துத் தாங்குகிறவைதான் மிகக் குறைவு.

நிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு எலக்ட்ரான் வரை கொடுக்கும், அதனால் கொள்ளளவு கூடுகிறது. ஆனால் நிக்கல் அயனியும் லித்தியம் அயனியும் உருவத்தில் கிட்டத்தட்ட ஒன்று, 0.69 ஆங்ஸ்ட்ராம், 0.76 ஆங்ஸ்ட்ராம். அதனால் உலையிலேயே நிக்கல் போய் லித்தியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, லித்தியத்தின் வழி அடைபடுகிறது. இதைத் தடுக்கக் கோபால்ட் உதவுகிறது. அந்தக் கோபால்ட்டில் உலக உற்பத்தியின் எழுபது சதவீதம் அளவு காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே சில சுரங்கங்களில் சிறுவர்கள் வேலை செய்வது உலகம் அறிந்தது. கோபால்ட்டைக் குறைக்க வேண்டும் என்பதற்கு விலை மட்டும் காரணமில்லை.

நிக்கல் அதிகமுள்ள தூளைச் செய்யும் முறையையும் சொல்கிறேன், பாடப்புத்தகத்தில் இதை யாரும் விரிவாக எழுதுவதில்லை. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சல்பேட்டுகளைத் தண்ணீரில் கரைத்து, காஸ்டிக் சோடாவும் அம்மோனியாவும் உள்ள கலக்கித் தொட்டியில் மெதுவாக விட வேண்டும். காரத்தன்மை பி.எச். 11 பக்கத்தில் நிற்க வேண்டும், மேலே நைட்ரஜன் வாயு ஓட வேண்டும், இல்லாவிட்டால் மாங்கனீசு காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். பல மணி நேரம் கலக்கினால் பத்து மைக்ரோமீட்டர் அளவில் உருண்டைகள் விழும். அதை லித்தியம் ஹைட்ராக்சைடோடு கலந்து ஆக்சிஜன் ஓட்டத்தில் 750 டிகிரி பக்கம் சுட வேண்டும். மலிவான லித்தியம் கார்பனேட் போடலாமே என்றால், அது உருகவே 723 டிகிரி வேண்டும், ஹைட்ராக்சைடு 462-லேயே உருகும். கார்பனேட் முழுதாக வினைபுரிய 750-ஐவிடக் கூடுதல் சூடு வேண்டும், அதிக நிக்கல் தூள் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். சுட்டு எடுத்த பிறகும் விடாது. காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து மேற்பரப்பில் லித்தியம் கார்பனேட்டாக ஆக்கிக்கொள்ளும். ஜனவரி மாத டர்பன் காற்றில் அந்தத் தூளைத் திறந்து வைத்தால் பாழ்தான். உலர் அறை இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே முடியாது.

அந்த உருண்டை ஒவ்வொன்றும் பொரி உருண்டை மாதிரி, நூற்றுக்கணக்கான சின்னப் படிகங்கள் ஒட்டிய கட்டி. 4.2 வோல்ட் பக்கம் போகும்போது படிகம் ஒரு திசையில் சட்டென்று சுருங்குகிறது. ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசையில் சுருங்குவதால் உருண்டையில் விரிசல் விழுகிறது, விரிசலுக்குள் எலக்ட்ரோலைட் (இரு முனைகளுக்கும் இடையே லித்தியத்தைக் கடத்தும் திரவம்) நுழைந்து உள்ளேயும் அரிக்கிறது. இதற்குப் பல வழிகள் வந்தன. அலுமினியம், சிர்க்கோனியம், டங்ஸ்டன் கொஞ்சம் சேர்ப்பது ஒன்று. மேலே அலுமினா பூசுவது இன்னொன்று. கொரியாவின் ஹன்யாங் பல்கலைக்கழகத்தில் யாங்-கூக் சுன் குழு உருண்டையின் நடுவில் நிக்கல் அதிகமாகவும் வெளியே மாங்கனீசு அதிகமாகவும் இருக்கும்படி செய்தது. கனடாவில் ஜெஃப் டான் குழு உருண்டையே வேண்டாம் என்று தனித்தனி ஒற்றைப் படிகங்களாக எடுத்து, அந்த செல்கள் மிக நீண்ட காலம் உழைப்பதை 2019-இல் காட்டியது. எனக்கு இந்தக் கடைசி வழிதான் மிகவும் பிடிக்கும். புதிய தனிமம் எதுவும் சேர்க்காமல், சுடும் விதத்தை மாற்றியே ஆயுளைக் கூட்டியிருக்கிறார்கள்.

இரும்பு பாஸ்பேட்டின் கதையில் நம் ஆள் ஒருவர் இருக்கிறார். ஆறுமுகம் மந்திரம், தென் தமிழ்நாட்டின் ஒரு கிராமத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். 1980-களில் குட்இனஃபோடு சேர்ந்து அவர் காட்டியது என்னவென்றால், வெறும் ஆக்சைடில் இரும்பு 3 வோல்ட்டுக்கும் கீழேதான் கொடுக்கும், சல்பேட் போன்ற தொகுதியோடு கட்டினால் அதே இரும்பு 3.6 வோல்ட் கொடுக்கும். கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் இறுக்கி இழுப்பதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது, வோல்ட் ஏறுகிறது. அந்த வழியில் போய்த்தான் 1997-இல் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகியோர் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவருக்காக உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஆனால் 1997-இல் அந்தத் தூளைக் கையில் எடுத்தவர்கள் பலர் உதறிவிட்டார்கள். மின்சாரத்தை அது கிட்டத்தட்டக் கடத்தவே கடத்தாது. லித்தியம் போக ஒரே திசையில்தான் சுரங்கப்பாதை, வழியில் ஒரு இரும்பு அணு உட்கார்ந்தால் பாதை மூடிக்கொள்ளும். துகளை நுண்ணளவுக்குச் சிறிதாக்கி, மேலே கார்பன் பூசிய பிறகுதான் அது வேலை செய்தது. அதன் பிறகும் சீனாவில் பேருந்துகளிலும் கார்களிலும் பெரிய அளவில் ஓட பத்துப் பதினைந்து வருடம் போனது.

தாமதத்துக்கு இன்னொரு காரணம் வெறும் கணக்கு. ஒரு முறை சார்ஜ் ஏற்றி இறக்க ஆறு மணி நேரம் என்றால் நாளுக்கு நான்கு, ஆயிரம் முறைக்கு 250 நாள். அதற்குள் ஒரு செய்முறையைத்தான் சோதித்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் லித்தியத்தில் 99.9 சதவீதம் திரும்பினால் மிக நல்லது என்று தோன்றும். ஆயிரம் முறைக்குப் பிறகு மிஞ்சுவது 37 சதவீதம். 99.99 என்றால் 90 மிஞ்சும். அந்த ஒரு தசமத்துக்காகத்தான் பல ஆய்வகங்களில் வாழ்க்கை போகிறது. கட்டுரைகளில் "200 முறைக்குப் பிறகும் 95 சதவீதம்" என்று படித்தால் எதிர்முனை என்ன என்று பாருங்கள். லித்தியம் உலோகத் தகடு வைத்திருந்தால் அது லித்தியத்தை வாரிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், கேத்தோடின் இழப்பு வெளியே தெரியாது. கிராஃபைட்டோடு சேர்த்த முழு செல்லின் எண்தான் எண்.

சரி, மாங்கனீசு.

இங்கே தென் ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமான ஒரு பெரிய கதை இருக்கிறது, நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. பிரிட்டோரியாவில் சி.எஸ்.ஐ.ஆர். என்ற தேசிய ஆய்வகத்தில் வேலை செய்த மைக்கேல் தாக்கரே 1980-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு குட்இனஃபிடம் போனார். ஸ்பினல் என்ற படிக அமைப்புள்ள இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளுக்குள் லித்தியம் போகுமா என்று பார்ப்பது அவர் வேலை. போயிற்று. லித்தியம் மாங்கனீசு ஸ்பினல் அப்படிப் பிறந்தது. 4 வோல்ட், மலிவு, கோபால்ட்டும் இல்லை நிக்கலும் இல்லை. மூன்று திசையிலும் வழி திறந்திருப்பதால் லித்தியம் வேகமாகப் போய்வரும்.

இவ்வளவு இருந்தும் அது ஏன் உலகத்தை ஆளவில்லை? மாங்கனீசு கரைந்துவிடுகிறது. மூன்று மின்னேற்றமுள்ள மாங்கனீசு அயனிகள் இரண்டு சேர்ந்து, ஒன்று நான்காகவும் மற்றொன்று இரண்டாகவும் பிரிகின்றன. அந்த இரண்டாவது எலக்ட்ரோலைட்டில் கரையக்கூடியது. எலக்ட்ரோலைட்டில் துளி ஈரம் இருந்தாலும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாகி இதைத் தூண்டும். கரைந்த மாங்கனீசு மறுபக்கம் கிராஃபைட்டில் போய்ப் படிந்து அதன் காப்புப் படலத்தைக் கெடுக்கிறது, படலத்தைத் திரும்பக் கட்ட லித்தியம் செலவாகிறது. கேத்தோடு இழக்கும் மாங்கனீசு கொஞ்சம்தான், செல் இழக்கும் ஆயுள் அதிகம். சூடு ஏற ஏற இது வேகமாகும். முதல் தலைமுறை நிசான் லீஃப் மாங்கனீசு ஸ்பினலை அதிகம் நம்பிய வண்டி, பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சியும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் அதன் பேட்டரி சீக்கிரம் தளர்ந்தது, நிசான் பிறகு செல்லின் வேதியியலை மாற்றியது. வெயில் நாட்டில் வாழும் நாம் மறக்கக்கூடாத பாடம் அது.

அதே தாக்கரே 1990-களில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்துக்குப் போய், கிறிஸ்டோஃபர் ஜான்சன் முதலியவர்களோடு இன்னொரு வழி கண்டார். லித்தியமும் மாங்கனீசும் அதிகமுள்ள அடுக்குப் பொருள். கிராமுக்கு 250 மில்லி ஆம்பியர் மணி வரை தரும், கிலோவுக்கு 900 வாட் மணி வரை கணக்கு வரும். எப்படி அவ்வளவு? அதில் ஆக்சிஜனும் எலக்ட்ரான் கொடுக்கிறது. கோபால்ட் ஆக்சைடில் ஆபத்தாக இருந்த அதே செயல் இங்கே பாதி வரமாக வருகிறது. மறுபாதி தண்டனை: மாங்கனீசு மெல்ல நகர்ந்து லித்தியத்தின் இடத்தில் குடியேறுகிறது, படிகம் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பினலைப் போல் ஆகிறது, ஒவ்வொரு மாதமும் வோல்ட் இறங்குகிறது. கொள்ளளவு குறைந்தால்கூட வண்டியின் கணினி சமாளிக்கும், வோல்ட்டே நழுவினால் எவ்வளவு சார்ஜ் மீதி என்று அதற்குக் கணிக்க வராது. இருபது வருடமாக இந்தச் சிக்கல்தான் அதைச் சந்தைக்கு விடவில்லை. 2025 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸும் எல்.ஜி.யும் இந்த வகை செல்லை 2028-இல் பெரிய டிரக்குகளுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தன. எல்.எஃப்.பி. அளவு செலவில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் என்பது அவர்கள் சொல்வது. உலோகங்களில் 65 சதவீதம் மாங்கனீசு, 35 நிக்கல், கோபால்ட் பெயருக்குத்தான். சாலையில் ஓடி முடிக்கும் வரை நான் கொண்டாட மாட்டேன். ஆனால் பக்கி ஓட்டும் நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும் பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்.எஃப்.பி.யில் இரும்பில் பாதிக்கு மேல் மாங்கனீசை மாற்றி வோல்ட்டை ஏற்றும் வழியும் சீனாவில் வளர்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மாங்கனீசு வருகிறது.

வடக்கு கேப்பில் ஹொட்டாசெல் சுற்றியுள்ள கலஹாரி வயல்தான் நிலத்தில் இருக்கும் உலகின் மிகப் பெரிய மாங்கனீசு இருப்பு. உலகில் தோண்டப்படுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தென் ஆப்பிரிக்காவுடையது. 37 சதவீத மாங்கனீசு உள்ள கல்லாக அது ஏறக்குறைய 1000 கிலோமீட்டர் ரயிலில் க்கெபெர்ஹா (பழைய போர்ட் எலிசபெத்) பக்கத் துறைமுகங்களுக்குப் போய்க் கப்பலேறுகிறது. பெரும்பகுதி எஃகு ஆலைகளுக்கு.

பேட்டரி வந்தால் சுரங்கத்துக்கு யோகம் என்று பலர் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோவாட் மணி பேட்டரிக்கு அந்த மாங்கனீசு மிகுந்த தூள் 70 கிலோ அளவு போதும். அதில் மூன்றில் ஒரு பங்கு மாங்கனீசு என்றால் 23 கிலோ. ஒரு கோடி கார்களுக்கு 2,30,000 டன். நம் நாடு ஆண்டுக்குத் தோண்டும் மாங்கனீசு சுமார் 70 லட்சம் டன். மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்! ஆகவே கூடுதலாகக் கல் தோண்டுவதால் நமக்கு எதுவும் பெரிதாகக் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் கல்லைத் தூய சல்பேட்டாக ஆக்குவதிலும், சல்பேட்டை உருண்டையாக விழவைப்பதிலும், உருண்டையைச் சுட்டுத் தூளாக்குவதிலும்தான். இரும்பு, செம்பு, துத்தநாகம், கால்சியம் எல்லாம் பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவுக்கு இறங்க வேண்டும். ஒரு சின்ன உலோகத் துணுக்கு உள்ளே போனாலும் செல்லுக்குள் ஷார்ட் ஆகும். இந்த வேலையில் உலகின் பெரும்பகுதியைச் சீனா செய்கிறது. எம்பொம்பெலாவில் கல்லிலிருந்து செலினியம் இல்லாத, 99.9 சதவீதத் தூய மாங்கனீசு உலோகம் எடுக்கும் ஆலை பல வருடமாக நடக்கிறது. தூய்மைப்படுத்தும் அறிவு நாட்டில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. லிம்போப்போ பல்கலைக்கழகத்தில் ஃபுட்டி ங்கோபே குழு மாங்கனீசுக் கேத்தோடுகளைக் கணினியில் அணு அணுவாக ஆராய்கிறது, ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஓசோமேனா மைக்ரோவேவ் மூலம் ஸ்பினலைத் திருத்தும் வேலை செய்தவர், நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தில் உயிலோ என்ற திட்டத்தின் கீழ் செல் சோதனைக்கூடம் இருக்கிறது. இவை நடுவே விடுபட்டிருப்பது தூள் செய்யும் தொழில். அதற்கு ஆள் வேண்டும், தம்பி.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மின்வேதியியல் மட்டும் படித்தால் பாதி வழிதான் போவீர்கள். எக்ஸ்-கதிர் வரைபடத்திலிருந்து படிக அளவுகளைக் கணக்கிட்டு எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், நிக்கல் எத்தனை சதவீதம் லித்தியத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். தாதுவைக் கரைத்துப் பிரிக்கும் வேலையை வேதிப் பொறியியல் துறையில் போய்க் கேட்டுப் படியுங்கள், வேதியியல் மாணவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஹானர்ஸ் ஆண்டில் ஆய்வுத் தலைப்பு கேட்டால் ஸ்பினலை எடுங்கள். செய்வது எளிது, காற்றிலேயே சுடலாம், விலை குறைவு. லித்தியத்தையோ அலுமினியத்தையோ கொஞ்சம் கூட்டி மாங்கனீசின் சராசரி மின்னேற்றத்தை 3.5-க்கு மேல் ஏற்றிப் பாருங்கள், கிராஃபைட்டோடு முழு செல் கட்டுங்கள், அறை வெப்பத்தில் வேண்டாம், 45 டிகிரியில் ஓட்டுங்கள். நூறு முறை ஓடியதும் செல்லை உலர் பெட்டிக்குள் பிரித்து, கிராஃபைட்டை அமிலத்தில் கரைத்து, அதில் எத்தனை மைக்ரோகிராம் மாங்கனீசு வந்து சேர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். கொள்ளளவு வரைபடத்தோடு அந்த எண்ணையும் உங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.